சூடு காட்டுதல்

முதலில் ஒரே ஒரு பச்சைக் கோடு.
மறுநாள் திரை முழுக்கச் சாரல்.
நாகவல்லி கல்யாணத்தில்
மாப்பிள்ளை முகம் நாலு துண்டு,
தாலி மட்டும் தெளிவு.

மண்ணடி, மூணாவது மாடி.
ஹாரூன் லேப்டாப்பின் அடித்தட்டைக் கழற்றினார்.
"வீடு காசிமேடா?"
"எப்படித் தெரியும்?"
"போர்டுல உப்பு பூத்திருக்கே."

கிராபிக்ஸ் கார்டைத் தனியாக மாற்ற முடியாதாம்,
போர்டோடு ஒட்டிப் பிறந்ததாம்.
புது போர்டு பதினெட்டாயிரம்.
இந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பேசியது ஒம்பது,
அதிலும் மூணு பாக்கி.

"சூடு காட்டிப் பாக்கலாம்.
மூணு மாசம் ஓடும்.
மூணு நாளும் ஓடும்."

பரோட்டா கட்டும் சில்வர் தாளைச் சுற்றி
சிப்பு மட்டும் தெரிய ஒரு சதுரம் வெட்டினார்.
சுடுகாற்று இறங்க இறங்க
நான் மூச்சே விடவில்லை.
கீழே லிங்கிச் செட்டித் தெருவில் யாரோ
யாரையோ அம்மாவோடு சேர்த்து வைதுகொண்டிருந்தான்.

முகம் ஒட்டிக்கொண்டது.

இரவு ரெண்டு தீப்பெட்டி முட்டுக் கொடுத்து
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன்.
கொசு என் பக்கம்.
எழுபத்தொன்று. எண்பத்தாறு.
நூறு சதவீதம் ஆனபோது
பால் வண்டி சத்தம்.

ஒன்பது மணிக்கு நாகவல்லியின் போன்:
"அக்கா, எங்க மாமியார் கொட்டாவி விடுறாங்களே,
அதை மட்டும் எடுத்துடேன்."

மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.