தகட்டில் படாமல்

இரவு ஒன்றரை.
கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில்,
உடைமரங்களுக்குப் பின்னால்,
இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குள்
எங்கள் காந்தம் முனகுகிறது.

புரோட்டானைச் சுழற்றுவது சுலபம்.
வெளியே எடுப்பதுதான் பாடு.

நூற்றுச் சொச்சம் சுற்று ஓடி
ஓரத்துக்கு வரும்போது
சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே
ஒரு கடுகு நுழையாது.
அந்த இடுக்கில் ஒரு டங்ஸ்டன் தகடு.
இந்தப் பக்கம் இருப்பது இன்னொரு முறை சுற்றும்.
அந்தப் பக்கம் விழுவது
நாற்பதாயிரம் வோல்ட் இழுப்பில் வெளியேறும்.
தகட்டிலேயே மோதுவது
வெறும் சூடு.

நூற்றுக்கு நாற்பத்திரண்டு வெறும் சூடு.
ஏழு மாதமாக.

லெப்பைக் கனி காற்றைக் குற்றம் சொன்னார்.
கச்சான் வீசினால் உப்பு எதிலும் ஏறும்,
இன்சுலேட்டரில் பொறி பறக்கும் என்றார்.
துடைத்தோம். ஸ்பிரிட், பஞ்சு, மறுபடி ஸ்பிரிட்.
பொறி நின்றது. சதவீதம் அசையவில்லை.
தகட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினோம்.
கம்பெனிக்கு எழுதினோம்,
புதுத் தகட்டின் விலையை அனுப்பினார்கள்.

நாலரைக்குச் சேசுராயன் வண்டி எடுப்பார்.
ஈயப் பெட்டிக்குள் ஃபுளோரின்
நூற்றுப்பத்து நிமிடத்தில் தானாகப் பாதியாகும்,
யாரையும் கேட்காது.
மதுரை சேர்கையில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம்.
பார்த்திபனூரில் லாரி கவிழ்ந்து கிடந்தால்
அதுவும் இல்லை.

போன வியாழன் நாலாவது ஊசிக்குப் போதவில்லை.
ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது:
"தொண்டிக்கார அம்மா. நேத்து ராத்திரிலருந்து பட்டினி.
அடுத்த வாரம் வரச் சொல்லிட்டோம்."
பதிவேட்டில் எழுதினேன்: டோஸ் 4, ரத்து.
பட்டினிக்கு அதில் கட்டம் இல்லை.

இன்று வாசலை விட்டுவிட்டு
நடுவே போய்ப் பார்த்தேன்,
அயனி பிறக்கும் இடத்தில்,
முதல் நாலைந்து சுற்றில்.
அங்கே ஒரு மயிரிழை தள்ளிக் கிளம்பினால்தான்
கடைசியில் இடைவெளி திறக்கும்.
தள்ளியிருந்தது, ஆனால் எதிர்த்திசையில்.
மையம் திருத்தும் சின்னச் சுருளை
ஜனவரியில் துருவுக்காகக் கழற்றியது யார்?
திருப்பி மாட்டும்போது
பிளஸ் இடத்தில் மைனஸைச் செருகிய கை
இதோ, இந்த மவுஸின் மேல் இருக்கிறது.

இரண்டு கம்பி. மாற்றி மாட்ட ஆறு நிமிடம்.
கதவு மூடி, விளக்கு சிவந்து,
திரையில் கோடுகள் விலகின.
ஒரு அரிசி அகலம்.
தகடு குளிர்ந்தது.
எழுபத்தொன்று.

கூடியது பதின்மூன்று.
மருந்தின் பாஷையில் அது முப்பத்திரண்டு நிமிடம்.
சேசுராயன் மானாமதுரை விலக்கில் டீ குடிக்கலாம்,
டயரைத் தட்டிப் பார்க்கலாம்,
கேட் போட்டிருந்தால் ஹாரன் அடிக்காமல் நிற்கலாம்.

இன்றும் வியாழன்.
தொண்டியில் ஒருத்தி
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள்.
எங்கள் நீர் அவள் உடம்பில் எங்கே ஒளிரும்,
ஒளிராமலே இருக்குமா,
எனக்குத் தெரியவராது.
படம் வேறு அறையில் விழுகிறது.

பதிவேடு திறந்திருக்கிறது.
கோளாறு: சுருள் இணைப்பு மாறியது.
சரிசெய்தவர்: சேதுநாச்சி.
அதற்கு மேல் வரியில்
இடம் கொஞ்சம் இருந்தது.
மாற்றி மாட்டியவர்: அவளேதான்.

கனி வரட்டும்.
காற்றிடம் அவர் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்.