வலதுபக்க லைற்

முதலில் வெளியிலிருந்துதான் துடைத்தேன்.
பழைய பனியன் துணி, கொஞ்சம் வினிகர்,
பிறகு நகம்.
ஒஷாவாவில் நவம்பர் காலை ஆறரை,
கார்த் தரிப்பிடத்தில் இருட்டோடு இருட்டாகக் குந்தியிருந்து
மறுபக்கத்து அழுக்கை
இந்தப் பக்கத்தால் தேய்க்கிறேன் என்பது
நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஈரம் உள்ளே.
வேர்த்த மூக்குப்போலப் பொடிப்பொடியாய்.
அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர்,
நான் திரும்பினால் அதுவும் திரும்பியது.

இடதுபக்கம் தெருவைப் பார்த்தது.
வலதுபக்கம் வேறெதையோ யோசித்தது.
சிம்கோ வீதியில் மறித்த பொலிஸ்காரி
ஒற்றைக் கண்ணோடு ஓடுகிறாயே என்றாள்,
பத்து நாள் தந்தாள்.

எங்களுக்கு ஒரே கார்.
சுகிர்தனுக்கு இரவில் பாண் லொறி ஏற்றும் வேலை,
எனக்குப் பகலில் பல் வைத்தியரின் வரவேற்பு மேசை.
திறப்பு கைமாறுகிற நாலு நிமிஷம்தான்
ஆளை ஆள் காண்பது.
அதில் மூன்று, பெற்றோல் எவ்வளவு இருக்கு என்பது.
அந்த வாரம் முழுக்க லைற்.
"வெயிலில விட்டாக் காயும்" என்றான்.
எந்த வெயில்?
வேலையிடத்தில் மார்கரீட்
அரிசி மூட்டைக்குள் புதைத்து வை என்றாள்,
கைபேசி நனைந்தால் செய்வதுபோல.

ஞாயிறு கழற்றினேன்.
பம்பரை இழுத்து மூன்று திருகாணி.
நாலாவது துருப்பிடித்து, வரமாட்டேன் என்று நின்று
வந்தது.
கடைவாய்ப் பல் பிடுங்கினமாதிரி ஒரு குழி
காரின் முகத்தில்.
மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போய்
சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன்.

வீட்டுக்குள் அது பெரிசு.
பெயர் சொல்லாமல் வந்த விருந்தாளிபோல
மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டது.
பின்னால் ஒரு வட்ட ஓட்டை,
உள்ளங்கை அளவு, மூடியில்லாமல்.
மழை வந்துபோன வாசல்.

அறைக்குள் சுகிர்தன் நித்திரை.
கதவைச் சாத்திவிட்டு
தலை காயவைக்கிற மெஷினைக் குறைந்த சூட்டில் பிடித்தேன்,
கூட்டினால் பிளாஸ்ரிக் நெளிந்துவிடும்.
ஒரு மணித்தியாலம்.
முதலில் காசளவு தெளிவு,
பிறகு அப்பமளவு.
உள்ளே செத்த நுளம்பு ஒன்று
வெள்ளிச் சுவரில் சாய்ந்தபடி.
எந்தக் கோடையில் நுழைந்ததோ,
அவ்வளவு வெளிச்சத்தையும் தனியே பார்த்திருக்கும்.

திருகாணி ஒன்று உருண்டது.
குனிந்தேன்.
மேசையின் ஆடுகிற காலுக்கடியில்
கறுப்பு றப்பர் வட்டம்.

நான்தான் வைத்தேன். மார்ச்சில்.
காரில் சில்லறை போடுகிற குழியில் கிடந்தது.
ஏதோ போத்தல் மூடி என்று எண்ணி,
என்ன அளவாய் இருக்கு என்று சந்தோஷப்பட்டு.
எட்டு மாதம் அதன்மேல் சோறு சாப்பிட்டோம்.
தேத்தண்ணீர் ஒருநாளும் தளும்பவில்லை.

அதற்கு முன்
மைனஸ் இருபத்திரண்டு காட்டிய ஏதோ ஓர் இரவில்
பாண் கொம்பனி வாசலில் கைபேசி வெளிச்சத்தில்
பல்பு மாற்றியிருக்கிறான்.
விரல் விறைத்து மூடி பிடிபடாமல்
பிறகு போடலாம் என்று வைத்திருக்கிறான்.
சொல்லவில்லை.
நாலு நிமிஷத்தில் எதைச் சொல்வது.
நானும் கேட்கவில்லை, இது என்னவென்று.

சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.
கழுவித் துடைத்து அமுக்கினேன்,
டப்பென்று உட்கார்ந்தது.
பக்கத்தில் மூச்சுத்துளை ஒன்று உண்டு,
அதை அடைக்கக்கூடாது.
அடைத்தால் மறுபடி வேர்க்கும்.

எட்டரைக்குச் சாப்பிட இருந்தான்.
கோப்பை ஒருபக்கம் சரிய
குழம்பு சோற்றைத் தாண்டி ஓடியது.
"மேசை ஏன் ஆடுது?"
"பிறகு சொல்லுறன்."

யன்னலால் பார்த்தேன்.
எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம்,
ஒரே உயரத்தில்.
கொஞ்ச நேரம் கார் நகரவில்லை.
பிறகு போனது.

பீற்சா விளம்பரத்தை மடித்து வைக்கிறேன்.
நாலு மடிப்புக் காணாது.
எட்டு கூடிப்போச்சு.