தொட்டியில் முந்நூறு லிட்டர்

ஷூட்டிங் ரெண்டு நாள் தள்ளிப்போச்சு,
வண்டி மட்டும் இங்கேயே நிக்கணுமாம்,
பாப்பாவைக் கூட்டிக்கினு வந்துடு என்றான்
தேசிங்கு, போனில்.
பதினொரு வருஷமாய் அவன் ஓட்டும் கேரவனில்
ஒருநாளும் நான் கால் வைத்ததில்லை.
உள்ளே கட்டில் உண்டு, ஏசி உண்டு,
கண்ணாடியைச் சுற்றி இருபத்து நாலு பல்பு உண்டு
என்பதெல்லாம் அவன் வாயால் கேட்டதுதான்,
பரலோகத்தைப் பற்றிச் சபையில் கேட்பதுபோல.

பேசின் பிரிட்ஜில் ஏறினோம். அஞ்சு ரூபாய் டிக்கெட்.
கொருக்குப்பேட்டையில் பாதிக் கூட்டம் இறங்கியது,
திருவொற்றியூரில் மீதி.
எண்ணூர் தாண்டியதும் பெட்டியில்
நாங்களும் ஒரு காலி மீன்கூடையும்.
மெட்ராஸ் முடிஞ்சிடுச்சாம்மா என்றாள் பாப்பா.
தெரியவில்லை.
பின்கோடு இன்னும் அறுநூறில்தான் தொடங்குகிறது.

லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ நெளிந்துபோய்
எங்களை இறக்கிய இடத்தில்
கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட வீடுகள்,
ஏ பிளாக், பி பிளாக்,
எழுத்து மட்டும் கழற்ற முடியாமல் நின்றது.
ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பியவர்கள் இருந்த குவார்ட்டர்ஸாம்.
ஒரு பல்புகூட எரியவில்லை.
சீமைக்கருவேலம் சமையலறை வழியாக உள்ளே வந்து
படுக்கையறை ஜன்னலில் வெளியே பார்த்தது.
எல்லாவற்றின் மேலும் சாம்பல்,
மாவு சலித்த வீடுபோல.

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் மிச்சம்:
கேரம் இறுதிப்போட்டி, ஞாயிறு மாலை நாலு மணி,
டி பிளாக் மொட்டைமாடி.
எந்த ஞாயிறு என்று போடவில்லை.
இன்னைக்கும் ஞாயிறுதானே, போலாமா?
ஏறினோம். யாரும் ஆடவில்லை.
ஆனால் அங்கிருந்து தெரிந்தது:
கழிமுகம், அதற்கப்பால் துறைமுகத்துக் கிரேன்கள்
ஒட்டகங்கள்போல வரிசையாய்,
தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்து
நாலு பெண்கள்,
பல்லில் பறியைக் கவ்விக்கொண்டு
சேற்றைக் கையால் துழாவி இறால் தேடினார்கள்.

இருட்டும் நேரம் கேரவன் கதவைத் தட்டினார்கள்.
அதே நால்வர், ஈரத்தோடு.
ஹீரோ இருக்காரா?
இல்லை.
ஹீரோயினி?
இல்லக்கா, நாங்கதான். டிரைவர் வீட்டுக்காரி.
முகத்தில் ஏமாற்றம் வரும் என்று பார்த்தேன்.
ஒருத்தி, வேண்டாமணி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
அப்போ பாத்ரூம் காலிதானே?

தேசிங்கு என்னைப் பார்த்தான்.
நான் தண்ணீர் முள்ளைப் பார்த்தேன்.
முந்நூறு லிட்டர்.

ஒவ்வொருத்தியாய்ப் போனார்கள்.
தண்ணீர் விழும் சத்தம் தகரத்தில் கேட்டது.
சேறு இறங்கியது, உப்பு இறங்கியது,
கழிமுகத்து எண்ணெய் அரிப்புக்கு
ஹீரோயினியின் சோப்பு.
மூன்றாமவள் உள்ளேயிருந்து சிரித்தாள், காரணம் சொல்லவில்லை.
வேண்டாமணி கடைசியாய் வெளியே வந்து
முடியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதுடி.

போகும்போது படியில் ஒரு பிடி இறால் வைத்தார்கள்.
உள்ளே சமைத்தால் வாடை, வாடை வந்தால் வேலை போகும்.
டி பிளாக்கிலிருந்து மூன்று செங்கல் எடுத்துவந்து
வெளியே வதக்கினோம்.
கட்டிலில் பாப்பா மட்டும் படுத்தாள்.
நானும் அவனும் தரையில்,
பேட்டரி செத்துவிடும் என்று இருபத்து நாலில்
ஒரே ஒரு பல்பைப் போட்டுக்கொண்டு.

விடியுமுன் அவன் டேங்கர்காரனுக்கு
எழுநூறு ரூபாய் அழுதான்.
தண்ணீர் முள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது.
கார்பெட்டில் நாலு ஜோடி காலடிச் சாம்பல் மட்டும்
தேய்த்தும் போகவில்லை.
புதன்கிழமை ஹீரோயினி குனிந்து பார்த்துக் கேட்டாளாம்,
என்னப்பா இது வெள்ளையா?
பவுடர் மேடம் என்றானாம் இவன்.