பொதுத் திடல்

செந்தூல் என்றார்கள்; பிரிக்ஃபீல்ட்ஸ் சிரித்தது.
பிரிக்ஃபீல்ட்ஸ் என்றார்கள்;
செந்தூல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது.
மூன்றாவது கூட்டத்தில், இரவு பதினொன்றுக்கு,
தே தாரே ஆடை கட்டிக் கிடக்க,
செராஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டோம்:
யாருக்கும் மாமன் மச்சான் இல்லாத இடம்.

சனிக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்தேன்.
சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்த அப்பளசாமியிடம்
"உங்களுக்கு எந்த அணி?" என்றேன்.
"தண்ணி எந்தப் பக்கம் தேங்குதோ
அந்தப் பக்கம் எனக்கு எதிரி."

நடுவட்டத்தில் பந்தை வைத்தேன்.
காற்றில்லை.
கொஞ்சம் யோசித்தது,
பிறகு வெட்கமே இல்லாமல்
வடக்குக் கோல் கம்பத்தைப் பார்த்து உருண்டது.

அறிக்கையில் அதை எழுதவில்லை.

செந்தூல் கோல்கீப்பர்
என் தங்கை மகன் என்பதையும்.