இரைச்சல் இருக்கு, சொல்லிட்டேன்

பேட்டையில் மில் கேட்டுக்கு எதிர்ச் சந்து.
மாடியில் ஆறுமுகநயினார்
கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார்.
சிவப்பு. சிவப்பு என்று சொல்லலாம்.
கை உரசின இடமெல்லாம் மரம் தெரிந்தது.
ஆறு கம்பியில் ஒன்று இல்லை.

பதினேழு வருசம் கொடைக்குக் கொடை
ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறின கிட்டார்.
இப்போது கீபோர்டிலேயே எல்லாம் வந்துவிடுகிறதாம்,
கிட்டாரும் குழலும் மழைச் சத்தமும்.
சொல்லும்போது முகத்தில் வருத்தமில்லை.
மகளுக்கு ஹாஸ்டல் பீஸ், அவ்வளவுதான்.

ஒயரைச் சொருகி ஆம்பைப் போட்டார்.
ம்ம்ம்ம் என்றது.
"இரைச்சல் இருக்கு, சொல்லிட்டேன்.
பொறவு வந்து கொற சொல்லப்பிடாது, பாத்துக்கிடும்."
அதற்காகவே எண்ணூறு குறைத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.
பணகுடி சப்-ஸ்டேஷனில் பதினோரு வருசமாக
அந்த ம்ம்ம்முக்குப் பக்கத்தில்தான்
சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறேன்.
டிரான்ஸ்பார்மர் நலமாக இருந்தால்
இப்படித்தான் முனங்கும்.
அவருக்கு இரைச்சல். எனக்கு ஆபீஸ்.
ஆறாயிரத்து இருநூறை எண்ணிக் கொடுத்தேன்.

நாங்குநேரி தாண்டினதும் ஆனிக் காற்று
எக்செல் வண்டியைத் தூக்கிப் பார்த்தது.
போர்வைக்கு வெளியே நீண்ட கழுத்தில்
ஐந்து கம்பியும்
யாரும் தொடாமல் எதையோ ஆரம்பித்து
வள்ளியூர் வந்ததும் நிறுத்திக்கொண்டன.

முதல் வாரம் பாட்டு கிடையாது.
விசாரணை மட்டும்.

வால்யூம் குமிழைத் திருகினால் கரகர.
மேல்தகட்டைக் கழற்றினேன்: திருநீறு,
கொஞ்சம் மஞ்சள், காய்ந்த பிச்சியிதழ் ஒன்று.
எந்த ஊர்ச் சுடலையோ.
ஸ்பிரே அடித்தால் போய்விடும்.
பாதி அடித்தேன்.

மூன்றாம் கம்பி, பன்னிரண்டாம் ஃபிரெட்: ஊமை.
தட்டினால் ஒரு நொடி, அப்புறம் வாழைத்தண்டு.
ஐந்தாவதில் பள்ளம்.
நயினார் அங்கேதான் அதிக நேரம் நின்றிருக்கிறார்.
என் விரல் தானாகப் போய் அதில் விழுகிறது,
பிறத்தியார் செருப்பில் கால் நுழைந்த மாதிரி.

வடக்கே பார்த்து உட்கார்ந்தால் இரைகிறது.
மெல்லத் திரும்பினேன். ஃப்ரிட்ஜ் பக்கம் கூடியது.
பீரோ பக்கம் பாதியாய் இறங்கி
அடுக்களைக் கதவுக்கு நேரே
சட்டென்று வாயை மூடியது.
நாற்காலியோடு வட்டமடிக்கிற புருசனை
உலகம்மாள் கரண்டியோடு நின்று பார்த்தாள்.
"எனக்கு நேரா இருந்தாத்தான் சும்மா இருக்குமோ?"
அப்படித்தான் இருந்தது.

நேற்று ராத்திரி காற்று மாறி அடித்தது.
விளக்குக்கு முந்தி
என் காதுதான் இருண்டது.
கரண்டு இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார்
தீப்பெட்டிக்குள் பொன்வண்டு.
அதன் விளிம்பில் தாடையை வைத்து
ஒரு கம்பியைத் தட்டினேன்.
எலும்பு வழியே அத்தனையும் வந்தது,
அந்தப் பன்னிரண்டாவதுகூட, கொஞ்சம்.

போன் அடித்தது. ஃபீடர் ட்ரிப்.

ரோஸ்மியாபுரம் பக்கம் லைனில் வாழைமட்டை.
ஏணி, கம்பு, டார்ச், வசவு.
ஒன்றரை மணிக்குச் சுவிட்சைப் போட்டோம்.
தெருத்தெருவாகப் பணகுடி முழித்தது.
டிரான்ஸ்பார்மர் தொண்டையைச் செருமி
தன் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டது.

"கரண்டு வந்துட்டு. ஒங்க பெட்டி முனங்குது.
பிள்ள முழிச்சிருவான். எதத் திருவ?"
"எதையும் திருவாண்டாம்.
கிட்டார அடுக்களப் பாத்துத் திருப்பி வையி.
அதுக்கு முந்தி
போனக் கொஞ்சம் கிட்ட கொண்டு போ."

ஒரு காதில் வீடு. ஒரு காதில் யார்டு.
நூல் பிசகில்லை.

பிறகு ஒரு காது மட்டும்
அடங்கியது.