இருபத்தேழாம் பக்கம்

கோட்டை வேண்டாம், பாய்மரம் வேண்டாம்,
பேரீச்சை வேண்டவே வேண்டாம்
என்றார் பத்ரியா அல் பலூஷியா.
சுஹார் நகராட்சிக்குப் புதுச் சின்னம்.
நிபந்தனை ஒரே வரி:
இந்த ஊரில் குப்பை போடுகிற எவருக்கும்
தன்னுடையது என்று தோன்ற வேண்டும்.
அள்ளுகிறவருக்கும்தானே என்று கேட்க வாயெடுத்தேன்.
முதல் மீட்டிங். தண்ணீர் குடித்தேன்.

வலமிருந்து அரபி வந்தது
இடமிருந்து ஆங்கிலம்.
முட்டிக்கொள்ளாமல் இருக்க
நடுவில் ஒரு புள்ளி வைத்தேன்.
அதற்குள் தமிழை, வங்காளத்தை,
உருதுவை, மலையாளத்தை
உட்கார வைத்துப் பார்த்தேன், ஓர் இரவு முழுக்க.
புள்ளி பெருத்துப் பெருத்து
சுவரில் கொசு அடித்த கறை போலானது.
அழித்தேன்.

கணக்குப் பிரிவு யாகூபுக்கு
சிவப்பும் பச்சையும் ஒன்று.
"இரண்டும் பழைய ஹல்வா" என்றார் சிரிக்காமல்.
நீலமும் மஞ்சளுமாக மாற்றினேன்.
அவர் ஒருவருக்காக
நாற்பத்தொரு லாரிக் கதவுகள் நிறம் மாறின.

கையேட்டின் இருபத்தேழாம் பக்கம்
நான் எழுதியதுதான்:
சின்னத்தைச் சுற்றி, அதன் அகலத்தில் பாதி தூரத்துக்கு
வேறெதுவும் நுழையக் கூடாது.
எல்லாச் சின்னங்களுக்கும் உள்ள விதி.
யோசிக்காமல் எழுதுவோம்.

ஜூலை, இரண்டு மணி.
ஃபலஜ் ரவுண்டானாவில் முதல் பலகை.
டேப்போடு அளவு பார்க்கப் போனேன்.
தரையோடு நின்ற பலகையின் நிழலுக்குள்
ஏழு பேர், தோளோடு தோள் ஒட்டி.
எட்டாமவரின் முழங்கால் மட்டும் வெயிலில்.
நிழல் விரல்கடை நகர
எட்டுப் பேரும் விரல்கடை நகர்ந்தார்கள்.

பேச்சில் ராமநாதபுரம் தெரிந்த சாத்தையாவிடம்
பலகை எப்படியிருக்கு என்றேன்.
"பாக்கலையேம்மா.
நாங்க பின்னாடியில்ல உக்காந்திருக்கோம்."

பின்னாடி ஒன்றுமில்லை.
வெறும் தகடு, எட்டுத் திருகாணி.

மாலையில் பன்னிரண்டாம் பதிப்பில்
பலகையின் அகலத்தை ஒரு மீட்டர் கூட்டினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'தூரத்திலிருந்து படிக்க எளிது' என்று போட்டேன்.

பத்ரியா படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
மறுபடி படித்தார்.
ஒன்றை அடித்துப் பென்சிலால் இரண்டு ஆக்கினார்.
"உயரம்?" என்றார்.

அவர் வீடு
ஃபலஜ் ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம்.