சுழிக்குக் கீழே

என் குழலின் அடி ஸி.
அதற்குக் கீழே வெள்ளி இல்லை, துளை இல்லை.
ஒரு வட்ட வாய், அதன் பிறகு
ரூசே நகர அரங்கின் காற்று.

புதிதாக வந்த இசைத்தாளில், பதினேழாம் பக்கம்,
எனக்கு முன் வாசித்த எவளோ
பென்சிலால் வட்டமிட்டுக் கேள்விக்குறி போட்டிருந்தாள்:
ஸிக்கு அரைப்படி கீழே
ஒரு பி. நீளமாக. மிக மெல்ல.

நீண்ட அடித்துண்டுக்கு ஐந்து மாதச் சம்பளம்.
சோஃபியாவில் ஒருவர் தவணைக்குத் தருகிறேன் என்றார்.
தவணையை எனக்கு நன்றாகத் தெரியும்,
குளிர்சாதனப் பெட்டி வழியாக.

ஆகவே காகிதம்.
செய்தித்தாள் நமுத்துப் போனது.
அஞ்சலட்டை சுருளாமல் முறிந்தது.
பொருந்தியது,
கொழுந்தன் ஸ்தாமென் எங்கள் சமையலறையில்
மறந்து வைத்துப்போன துறைமுகப் படிவம்.

காலை எட்டு மணிக்கு
டான்யூபின் மட்டத்தைப் படித்து எழுதுவது அவன் வேலை.
இந்த ஆகஸ்டில் ஆறு
அளவுகோலின் சுழியைத் தாண்டி இறங்கியது.
யாரையும் கேட்காமல் அவன்
கோலின் காலில் ஒரு பலகையை ஆணியடித்து
கீழ்நோக்கி எண்கள் எழுதிவிட்டு வந்தான்.
"ஆறு ஒன்றும் தீர்ந்துபோகல அண்ணி,
நம்ம கோல்தான் தீர்ந்துபோச்சு."

சுருட்டினேன், எழுத்து உள்பக்கமாக.
குழல் வாய்க்கு வெளியே நான்கு சென்டிமீட்டர்.
எல்லா விரலும் மூடி, சுண்டுவிரலால் அழுத்தி
கண்ணாடியில் ஆவி படிய விடுவதுபோல்
ஊதியும் ஊதாமலும்.
முதலில் வெறும் சீறல்.
பிறகு இரண்டு தெரு தள்ளி
ஒரு லாரி நின்று யோசிப்பதுபோல
அது வந்தது.
காதுக்கு முன்பே முழங்காலுக்குத் தெரிந்தது.

ஆனால் ஸி போய்விட்டது.
அதே விரல்கள், அதே அடைப்பு,
எப்படி மூடினாலும் இப்போது பி.
இத்தனை வருடம் நான் நின்ற தரை
புதுத் தரைக்குள் அமிழ்ந்துவிட்டது.
இசைத்தாளிலோ
பிக்கு அடுத்த சுரமே ஸி.
தாளை உருவ நேரம் இல்லை,
மூச்சு வாங்கவே இல்லை.

ஒத்திகையில் அந்த இடத்தில்
ஒரு பொத்தலை விட்டுவிட்டு மேலே போனேன்.

என் இடப்பக்கம் முதல் குழல், ராதோய்.
பேசி இரண்டு பருவம் ஆகிறது.
நாற்காலி விஷயம், விடுங்கள்.
அவர் வேலையெல்லாம் உச்சியில்,
மூன்றாம் ஸ்தாயியில் பனித்துளியும் பறவையும்.
அந்தப் பக்கத்தில் அவருக்கு நீண்ட ஓய்வு.
வழக்கமாக அப்போது சிகரெட் தாளால்
சாவித் திண்டுகளின் எச்சில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

மறுநாள் என் பி முடிகிற விளிம்பில்
இடப்பக்கமிருந்து ஒரு ஸி எழுந்தது,
என் மூச்சின் சூட்டோடு,
என் மூச்சு அல்லாமல்.
திரும்பிப் பார்க்கவில்லை. அவரும்தான்.
அவர் போன பிறகு எட்டிப் பார்த்தேன்.
ஓய்வுக்குறியின் மேல்
பென்சிலில் ஒரு சின்ன ஸி.
பெயர் இல்லை,
நன்றி சொல்ல இடமும் விடவில்லை.

கச்சேரிக்குப் பின் உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது:
இரண்டாம் குழலின் தாழ்சுரங்கள்
ஒரே மூச்சில் ஓடின.
நான் திருத்தவில்லை.
அவரும் படித்திருப்பார்.
இன்னும் நாங்கள் பேசுவதில்லை.
அந்த பியை மட்டும்
ஒரு மயிரிழை முன்னதாக முடிக்கிறேன்,
அவர் ஏறிக்கொள்ள.

திங்கட்கிழமை ஸ்தாமென் வந்து நின்றான்.
அலுவலகத்தில் படிவம் கேட்கிறார்களாம்.
குழல் வாயிலிருந்து உருவிக் கொடுத்தேன்.
சுருள் பிரிய மறுத்தது.
உள்ளே என் ஈரம் பட்டு மை ஓடியிருந்தது.
கழித்தல் பதினான்கு என்று எழுதியிருந்த இடத்தில்
கழித்தல் மட்டும் கரைந்திருந்தது.

வெளிச்சத்தில் பிடித்து
இரண்டு முறை படித்தான்.
"ஆறு ஏறிடுச்சு அண்ணி" என்றான்.